“மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்துவிடுமா?”

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 47. பீன்யாவில் நான்கு லேத் மெஷின்களோடு சொந்தப் பட்டறை நடத்தியவர். கொரோனா காலத்தில் ஆர்டர் நின்றதும் மெஷின்களை விற்றுவிட்டு, இப்போது இன்னொருவர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார். மாதச் சம்பளம் 31,000 ரூபாய். பட்டறைக்காக ஒரு ஃபைனான்ஸியரிடம் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கினார். மனைவியும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வழக்கு வந்தபோது சம்மனை வாங்கிக்கொண்டார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை, கடன் வாங்கியதும் உண்மைதானே என்று கோர்ட்டுக்குப் போகவில்லை. இவர் தரப்பைக் கேட்காமலே பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பு, அதாவது எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டது. தொகை 5,80,000 ரூபாய், வழக்குப் போட்ட நாளிலிருந்து 6 சதவீத வட்டி, அதோடு செலவுத்தொகை. நான்கு வருட வட்டி சேர்ந்து இன்றைக்கு ஏழரை லட்சத்தை ஒட்டி நிற்கிறது. டிக்ரிக்குப் பிறகு கூகுள் பேயில் கொஞ்சம் கொஞ்சமாக 1,20,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். டிக்ரிப் பணத்தை வசூலிக்க ஃபைனான்ஸியர் போட்ட நிறைவேற்று மனுவில் அது கழிக்கப்படவே இல்லை.

போன வாரம் கோர்ட்டிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. கன்னடம் பேசுவார், படிக்கத் தெரியாது. மகள் எழுத்துக்கூட்டிப் படித்து, “சிவில் காராகிருகம்னு போட்டிருக்குப்பா” என்று சொன்னாளாம். சிவில் சிறை என்று பொருள். அதற்கப்புறம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. போலீஸ் ராத்திரியில் வருமா, மனைவியையும் கூட்டிப்போவார்களா என்று கேட்கிறார். அக்கம்பக்கத்து யோசனைகளும் கடிதத்தில் இருக்கின்றன: ஓசூரில் அப்பா உன் பெயருக்கு எழுதிவைத்த 1,200 சதுர அடி மனையை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிடு, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்தால் கதவைத் திறக்காதே, மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடு, எதுவும் முடியாவிட்டால் மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வா, கடன் அதோடு தீர்ந்தது.

கடைசி யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தீராது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 58ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சிவில் சிறையிலிருந்து வெளியே வந்த காரணத்தால் கடன் ஒழிவதில்லை. அதே டிக்ரிக்காக உங்களை இரண்டாவது முறை கைது செய்ய முடியாது, அவ்வளவுதான். மனையை ஜப்தி செய்யலாம், சம்பளத்தைப் பிடிக்கலாம், வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். டிக்ரியை நிறைவேற்ற ஃபைனான்ஸியருக்கு 12 ஆண்டு அவகாசம் உண்டு. மூன்று மாதம் உள்ளே இருந்தால் மிஞ்சுவது போன வேலை மட்டும்தான்.

வந்திருப்பது வாரண்டு இல்லை

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது அதே சட்டத்தின் ஆணை 21, விதி 37இன் கீழ் வந்த நோட்டீஸ். “உங்களை ஏன் சிவில் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று குறிப்பிட்ட தேதியில் நேரில் வந்து காரணம் சொல்லுங்கள்” என்பதுதான் அதன் பொருள். அதில் எந்தக் கோர்ட், எந்த ஹால் எண், நிறைவேற்று வழக்கின் எண் என்ன, எந்தத் தேதி என்ற நான்கையும் இன்றே மகளை விட்டு ஒரு தாளில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கே.ஜி. ரோடு சிட்டி சிவில் கோர்ட் வளாகமா, மேயோ ஹாலா என்பதையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் அலைந்து வாய்தாவைத் தவறவிடுவது இந்த ஊரில் புதிதில்லை. ஈ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும்.

நோட்டீஸை வாங்க மறுப்பதும், வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பதும்தான் வாரண்டை வரவழைக்கும். ஆஜராகாவிட்டால், டிக்ரிதாரர், அதாவது டிக்ரி பெற்ற ஃபைனான்ஸியர், கேட்ட மாத்திரத்தில் கோர்ட் பிடிவாரண்டு பிறப்பிக்கலாம். சம்மன் விஷயத்தில் நீங்கள் செய்த தப்பு இதுதான். அன்று அது டிக்ரியாக முடிந்தது.

வாரண்டே வந்தாலும் வருவது கோர்ட்டின் அமீனா. போலீஸ்காரர் தனியாக வந்து பணக் கடனுக்காக உங்களைக் கூட்டிப்போக முடியாது. கோர்ட் உத்தரவிட்டால் அமீனாவுக்குத் துணையாக மட்டும் வருவார்கள். சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் அமீனா வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஆனால் நீங்கள் குடியிருக்கும் வீட்டில் நீங்களே கதவைத் திறக்க மறுத்தால், பகலில் வெளிக்கதவை உடைத்து வர அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ‘கதவைத் திறக்காதே’ என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் இந்தப் பாதியைச் சொல்லியிருக்க மாட்டார். டிக்ரித் தொகையையும் கைதுச் செலவையும் அங்கேயே கட்டினால் அமீனா விட்டுவிட வேண்டும்.

மனைவியைப் பற்றிய பயத்தை இன்றே விட்டுவிடுங்கள். பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கூடாது என்று 56ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, டிக்ரியில் அவர் பெயரும் இருப்பதால், கடன் அவருடையதும்தான். அவருடைய வங்கிக் கணக்கும் நகையும் ஜப்திக்கு உட்படும். மத வழக்கப்படி கழற்றக் கூடாத தாலியைத் தொட முடியாது. நெக்லஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எப்போது சிறைக்கு அனுப்பலாம்

பணம் கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் சிவில் சிறைக்கு அனுப்ப முடியாது. 51ஆம் பிரிவின் நிபந்தனைகளில் ஒன்றாவது இருக்கிறது என்று நீதிபதி எழுத்தில் காரணம் காட்டியாக வேண்டும். டிக்ரியைத் தட்டிக்கழிக்க நீங்கள் ஊரைவிட்டு ஓடப் பார்க்கிறீர்கள். அல்லது வழக்குப் போட்ட பிறகு சொத்தை நேர்மையின்றி மாற்றினீர்கள், மறைத்தீர்கள். அல்லது டிக்ரி தேதிக்குப் பிறகு கட்டும் வசதி இருந்தும் கட்ட மறுத்தீர்கள், அலட்சியம் செய்தீர்கள். அல்லது பிறர் பணத்துக்குப் பொறுப்பாளராக இருந்து கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். நான்காவது உங்களுக்குப் பொருந்தாது.

1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் – பாங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இந்த நிபந்தனைகளுக்கு உயிர் கொடுத்தது. அங்கே கடனாளிகளின் அசையாச் சொத்தெல்லாம் ஏற்கெனவே ஜப்தியாகி, கோர்ட் நியமித்த ரிசீவர் கையில் இருந்தது. அப்படியும் கைது வாரண்டு போயிற்று. கடனைக் கட்ட முடியாமை மட்டும் போதாது, கெட்ட எண்ணம் என்று சொல்லத்தக்க ஏதாவது இருக்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமைக்காக மட்டும் ஒருவரைச் சிறையிடக் கூடாது என்ற, குடிமை அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 11ஆவது ஷரத்தையும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவையும் சேர்த்துப் படித்தது. வக்கீல்கள் இன்றும் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். வசதி இருக்கிறது என்று நிரூபிக்கும் பாரம் டிக்ரிதாரருடையது.

இதைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். அந்தத் தீர்ப்பு கையில் ஒன்றுமில்லாதவருக்கான கவசம். உங்களிடம் ஓசூர் மனை இருக்கிறது. ஒன்பது பத்து லட்சம் போகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மகள் கல்யாணத்துக்காக அப்பா விட்டுப்போனது என்பது எனக்குப் புரிகிறது. சட்டத்தின் கண்ணில் அது கடனைக் கட்டும் வசதி. ‘என்னிடம் எதுவும் இல்லை’ என்று கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டீர்கள் என்றால், எதிர் வக்கீல் ஒரு வில்லங்கச் சான்றை எடுத்து நீட்டினால் போதும். தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றை யாரும் வீட்டில் உட்கார்ந்தே எடுத்துவிடலாம்.

மைத்துனர் பெயருக்கு மாற்றுவது

கடிதத்திலேயே என்னைப் பதற வைத்த வரி இது. இன்று நீங்கள் ‘கட்ட முடியாத கடனாளி’. மனையை மைத்துனருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்த மறுநாள் ‘சொத்தை மறைத்த கடனாளி’. வில்லங்கச் சான்றில் பதிவுத் தேதி, டிக்ரி தேதிக்குப் பின்னால் பளிச்சென்று நிற்கும். பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்தே உறவு தெரிந்துவிடும். 51ஆம் பிரிவின் இரண்டாவது நிபந்தனையை நீங்களே கையெழுத்துப் போட்டு நிரூபித்துக் கொடுத்த மாதிரி. அந்தப் பத்திரமும் நிலைக்காது. கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53ஆம் பிரிவின்படி ரத்து செய்யச் சொல்லலாம். மைத்துனரும் வழக்கில் பிரதிவாதியாவார்.

மனையை விற்பதே தப்பு என்று அர்த்தமில்லை. நியாயமான விலைக்கு விற்று, பணத்தை டிக்ரிக்குக் கட்டினால் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு நடைமுறைச் சிக்கல் உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது: மனை அத்திப்பள்ளிச் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பெங்களூரு கோர்ட் தன் எல்லைக்கு வெளியே உள்ள சொத்தை நேரடியாக ஏலம் விட முடியாது. டிக்ரியை ஓசூர் கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி ஃபைனான்ஸியர் மனுப்போட வேண்டும், பிறகு அங்கே ஜப்தி, அறிவிப்பு, ஏலம் என்று நடக்க வேண்டும். அவருக்கும் அது இழுபறி. அவர் உங்களைப் பிடிக்கக் கேட்டிருப்பதற்கு ஒரு காரணம் அதுவாக இருக்கலாம். நீங்களாக முன்வந்து மனையை விற்றுத் தருகிறேன் என்றால் கேட்பார். ஜப்தியாகி ஏல உத்தரவு ஆனபிறகும்கூட, தனியாக விற்றுப் பணம் திரட்ட அவகாசம் கேட்க ஆணை 21 விதி 83 இடம் தருகிறது. ஏல விலை எப்போதும் வெளி விலையைவிட இறங்கியே நிற்கும் என்பதால் அந்த அவகாசத்துக்கு மதிப்பு உண்டு.

ஆளையும் சொத்தையும் ஒரே நேரத்தில் துரத்த வேண்டாம் என்று மறுக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு அதே ஆணையின் விதி 21இல் இருக்கிறது. மனையின் பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதோ சொத்து, இதன் மீது நடவடிக்கை எடுக்கட்டும், என்னை விட்டுவிடுங்கள்’ என்று உங்கள் வக்கீல் கேட்டால் வாதம் நிற்கும். மறைத்து வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது.

சம்பளம் எவ்வளவு போகும்

முழுச் சம்பளமும் போய்விடும் என்று பயந்திருக்கிறீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவின் கணக்கு இது: முதல் 1,000 ரூபாயைத் தொட முடியாது, மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. உங்கள் 31,000இல் 1,000 போக 30,000. அதில் 20,000 பாதுகாப்பு. மாதம் 10,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அதுவும் ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம்தான். அதற்கு மேல் அந்த டிக்ரிக்காக உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. பி.எஃப். இருப்புக்கும் பாதுகாப்பு உண்டு. வசதியைக் கணக்குப் பார்க்கும்போது இந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளைச் சேர்க்கக் கூடாது என்று 51ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஜப்தி உத்தரவு கம்பெனி அக்கவுண்ட்ஸுக்குப் போகும், முதலாளிக்குத் தெரியவரும். அந்தச் சங்கடம் வேண்டாம் என்றால் சமரசத்துக்கு முந்திக்கொள்ளுங்கள்.

அந்த 1,20,000

இது எனக்கு வருத்தமான பகுதி. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தை டிக்ரிதாரர் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்கள் மனுப்போட வேண்டும், அதற்குக் கெடு 30 நாள். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. கூகுள் பே ரசீது இருந்தாலும் உங்கள் பக்கக் கெடு முடிந்துவிட்டது. டிக்ரிதாரர் தானாக முன்வந்து ஒப்புக்கொள்வதற்குக் கெடு கிடையாது. ஆகவே வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரவையும் அடிக்கோடிட்டு, யூ.பி.ஐ. எண்ணோடு பட்டியல் போட்டு, வக்கீல் வழியாக அவருக்கு அனுப்புங்கள். சமரசம் பேசும்போது முதல் நிபந்தனை இதுவாக இருக்கட்டும். குறுக்கு விசாரணையில் அவர் முகத்துக்கு நேரே இதைக் கேட்டால் மறுக்கத் தயங்குவார். நீங்கள் அலட்சியம் செய்யவில்லை என்பதற்கும் இதுவே சாட்சி. இனிமேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் கோர்ட்டில் டெபாசிட் செய்யுங்கள், அல்லது வங்கி வழியாக அனுப்பி அடுத்த வாய்தாவிலேயே மெமோ போடச் செய்யுங்கள். ரொக்கமே வேண்டாம்.

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 30 நாளில் செய்திருக்க வேண்டியது. சம்மன் கிடைக்கவே இல்லை என்பவருக்கு வழி இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிய உங்களுக்குத் தாமதத்தை மன்னிக்கச் சொல்ல நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை. அதில் காசைக் கரைக்காதீர்கள்.

மஞ்சக் கடுதாசி, அதாவது இன்சால்வன்சி: பெங்களூருக்கு 1920ஆம் ஆண்டு மாகாண இன்சால்வன்சிச் சட்டம் பொருந்தும். மனுவோடு சொத்துப் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும், மனை கோர்ட் ரிசீவர் கைக்குப் போகும். பத்துப் பேருக்குக் கடன்பட்டவருக்கு அது பயன்படலாம். ஒரே கடன்காரர், கடனைவிடப் பெரிய மனை என்ற உங்கள் நிலையில் அதற்கு அர்த்தமில்லை.

வாய்தா நாளுக்கு முன்

வக்கீலுக்குப் பணமில்லை என்பது இந்த முறை காரணமாக இருக்க வேண்டாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்கள் மனைவிக்கு இலவச வக்கீல் பெற உரிமை இருக்கிறது. அவரும் இதே வழக்கில் கட்சிக்காரர். எச். சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உங்களுக்குத் தகுதி உண்டா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆறு மாதச் சம்பளச் சீட்டு, எல்லா வங்கிக் கணக்குகளின் ஒரு வருட ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், பள்ளிக் கட்டண ரசீது, மனைப் பத்திர நகல், 1,20,000 பட்டியல். சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் கேட்டால் மனையை மட்டுமல்ல, வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கும் அட்வான்ஸையும், போட்டுக்கொண்டிருக்கும் சீட்டையும் எழுதுங்கள். அவையும் சொத்துதான், பலர் மறந்துவிடுகிறார்கள். பத்திரம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழில் படித்துக் காட்டி, புரிந்துகொண்டேன் என்ற குறிப்பைச் சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அன்று நீதிபதி முதலில் டிக்ரிதாரரின் சாட்சியத்தைக் கேட்பார், பிறகு உங்களைக் கேட்பார். பணம் கட்ட ஒரு வாய்ப்புத் தரலாம் என்று நினைத்தால், 15 நாள் வரை கோர்ட் ஊழியர் பொறுப்பில் வைக்கவோ, ஜாமீன் வாங்கிக்கொண்டு விடவோ அவருக்கு அதிகாரம் உண்டு. நீங்களாகவே மாதம் 10,000 ரூபாயும், மனை விற்க நான்கு மாத அவகாசமும் என்று எழுத்தில் கொடுத்தால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். டிக்ரிக்குப் பிறகு தவணை முறைக்கு டிக்ரிதாரர் சம்மதம் தேவை, கோர்ட் தானாகத் திணிக்க முடியாது. ஆனால் உங்களை உள்ளே வைத்தால் சாப்பாட்டுப் படியை மாதாமாதம் முன்கூட்டியே கோர்ட்டில் கட்ட வேண்டியது அவர்தான், கட்டத் தவறினால் உங்களை விட்டுவிட வேண்டும். ஃபைனான்ஸியர்களுக்குச் சிறை என்பது பெரும்பாலும் மிரட்டல்தான். பணம் வரும் வழி தெரிந்தால் இறங்கி வருவார்கள். சிறைக்கு அனுப்பும் உத்தரவே வந்துவிட்டால் அதற்கு வழக்கமான மேல்முறையீடு கிடையாது. அன்றே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதையும் வக்கீலிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சமரசப் பத்திரத்தில் ஒரு வரியைக் கவனியுங்கள். ‘ஒரு தவணை தவறினாலும் முழுத்தொகையும் உடனே’ என்று எழுதி நீட்டுவார்கள். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் என்று மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் எழுதாத ஒன்று: கடன் வாங்கும்போது வெற்றுக் காசோலைகள் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் எத்தனை, எந்த எண்கள் என்று இன்றே வக்கீலிடம் சொல்லுங்கள். காசோலை வழக்கு வேறு ரகம். அது குற்றவியல், இரண்டு ஆண்டு வரை சிறையும், காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமும் உண்டு, பெண்ணுக்கு விலக்கும் கிடையாது. கடைசித் தவணை கட்டும் நாளில் காசோலைகளையும் அசல் புரோநோட்டையும் கையில் வாங்கிக்கொண்டு, ‘முழுவதும் தீர்ந்தது’ என்று கோர்ட் உத்தரவு போட்டபிறகு அதன் சான்றிட்ட நகலையும் எடுத்து வையுங்கள்.